வராத புண்ணை யார் பார்த்தார்கள்?

வாசகர் கடிதங்களுக்கு, ஓய்வுபெற்ற செவிலியர் அக்காவின் பதில்கள்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 52 வயது. எங்கள் ஊர் ஆலயத்தில் 19 வருடமாகச் சனிக்கிழமை சாயங்கால வேலை என்னுடையது. பெஞ்சு துடைப்பது, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி அடுக்குவது, பீடத்து விரிப்பைத் துவைத்து இஸ்திரி போடுவது எல்லாம் நான்தான். தண்ணீர் பிடித்துக் கொடுக்க ஒரு பையன் வருவான், மற்றபடி தனியாள். ஞாயிறு பள்ளி வகுப்பும் எடுக்கிறேன். போன மாதம் பிரதிஷ்டைப் பண்டிகையில், ஆலயத்துக்காக உழைத்தவர்கள் என்று 14 பேரை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயர் இல்லை. வெளியே வந்ததும் கமிட்டி அண்ணன் ஒருவரிடம் கேட்டேவிட்டேன். “நீங்க ஆண்டவருக்குத்தானே செய்றீங்க, அவர் பார்த்துக்குவார்” என்றார். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமையாக நான் போகவில்லை. எனக்குப் புகழாசை பிடித்துவிட்டதா? இது பாவமா?
— பெயர் வேண்டாம், தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு சகோதரி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாவம் என்ற சொல்லை முதலில் இறக்கி வையுங்கள். வலிக்கிற இடத்தை வலிக்கிறது என்று சொல்வது பாவம் ஆகாது.

பத்துத் தொழுநோயாளிகள் சுகமான கதையை நீங்களே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். “சுத்தமானவர்கள் பத்துப்பேர் அல்லவா, மற்ற ஒன்பதுபேர் எங்கே?” என்று இயேசு கேட்டார். தேவனை மகிமைப்படுத்தத் திரும்பி வரவில்லையே என்பதுதான் அவருடைய கேள்வி, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வராதவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணி வைத்திருந்தார். கொடுத்த சுகத்தைத் திருப்பி வாங்கவில்லை. எங்கே என்று வாய்விட்டுக் கேட்கவும் செய்தார். நீங்களும் வாய்விட்டுத்தான் கேட்டீர்கள்.

அடுத்தது, அந்த அண்ணன் சொன்ன பதில். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கட்டும் என்ற வசனத்தை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அந்த வசனம் யாருக்குச் சொன்னது? தர்மம் செய்கிறவனுக்கு. செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது என்றார் ஆண்டவர். 19 வருடம் துடைத்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனவர்கள், அந்த வசனத்தை எடுத்து உங்கள் பக்கம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். நன்றி சொல்ல வேண்டியவர் அதையே உங்களுக்குச் சொன்னால், கடன்காரன் கடன் கொடுத்தவனுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்த மாதிரிதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சட்டென்று ஒரு பதில் வேண்டியிருந்தது, கைக்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

பவுல் அப்படிச் செய்யவில்லை பாருங்கள். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை, வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். பெபேயாள் என்ற சகோதரியில் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன. “எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட மரியாள்” என்கிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் என்று பிரயாசப்பட்ட பெண்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. பாத்திரம் கழுவினார்களோ, விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார்களோ. பிரயாசப்பட்டார்கள் என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது. அதே அதிகாரத்தில் ஓரிடத்தில் திடீரென்று வேறொரு குரல் கேட்கும்: “இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்னும் நான்.” பவுல் சொல்லச் சொல்ல, அத்தனையையும் உட்கார்ந்து எழுதியவர். பதினாறு அதிகாரத்துக்கு அவருக்குக் கிடைத்தது ஒரே வரி. அந்த ஒரு வரியைப் பவுல் அடித்துவிடச் சொல்லவில்லை. எனக்கு வேதத்தில் ரொம்பப் பிடித்த வரிகளில் அது ஒன்று.

சரி, இனி நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கடிதத்தில், “தண்ணீர் பிடித்துக் கொடுக்க ஒரு பையன் வருவான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பெயர் என்ன?

குற்றம் சாட்டக் கேட்கவில்லை. இதே தப்பை நான் உங்களைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன்.

1986ல் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் எனக்கு வேலை. பதநீர்க் காலம். பனையிலிருந்து விழுந்த ஒரு பனையேறியைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுகூட இருக்காது. முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு முதல் எதிரி படுக்கைப் புண். ஒரே பக்கமாகக் கிடந்தால் பிட்டத்து எலும்பு, இடுப்பு, குதிகால் இங்கெல்லாம் ரத்த ஓட்டம் நசுங்கித் தோல் செத்துவிடும். நமக்கு வலிக்கும், புரண்டு படுப்போம். அவர்களுக்கு வலிக்காது. முதலில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பவும் சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது. அப்படியே விட்டால் எலும்பு வரைக்கும் குழி விழும், அந்தக் கிருமி ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டுபோகும்.

இதற்கு மருந்து, ஆளைப் புரட்டிப் போடுவதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராப்பகலாக. முதுகெலும்பு முறிந்தால் சாவுதான் என்றிருந்த காலத்தில், 1944ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன் இதைக் கண்டிப்பான வழக்கமாக்கினார். அந்த ஒரு வழக்கம் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. குட்மன் பெயர் எங்கள் வகுப்பிலேயே வரும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆளைப் புரட்டியவர்கள் பெயர் எந்த வகுப்பிலும் வராது.

பனையேறி நான்கு மாதம் இருந்தார். அதில் இரண்டு மாதம் என் நைட் டூட்டி. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. ஒரு ஆளால் முடியாது. என்னோடு வார்டு ஆயாம்மா ஒருத்தி இருப்பாள். ஆளுக்கு அடியில் குறுக்காக விரித்த ட்ரா ஷீட்டை அந்தப் பக்கம் அவள் சுருட்டிப் பிடிப்பாள், இந்தப் பக்கம் நான். தூக்குகிற நேரம் மெதுவாக “கர்த்தாவே” என்பாள். அதுதான் எங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று. பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் அண்டை கொடுப்பாள், குதிகால் மெத்தையில் படவே விடமாட்டாள். அந்தக் காலத்தில் முதுகில் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் சிவந்திருந்த இடத்தில் நான் கை வைத்தேன். “அந்தச் செவப்புல தேய்க்காதிய சிஸ்டர், கன்னிரும்” என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது என்று எங்களுக்கு ட்ரெயினிங்கில் சொன்னது பல வருடம் கழித்து.

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் அவருடைய முதுகைத் தடவிப் பார்த்தேன். கைக்குழந்தை முதுகு போல இருந்தது, ஒரு புண் இல்லை. வீட்டுக்காரர்கள் டாக்டருக்கு மாலை போட்டார்கள், ஆலயத்தில் டாக்டர் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? ஆபரேஷன் செய்தால் தையல் தெரியும். வராத புண்ணை யார் பார்ப்பார்கள்? இது எல்லாம் பின்னால் வந்த ஞானம். அன்றைக்கு நான் துணி அடுக்கும் அறைக்குள் போய் அழுதேன். ஆறு மாதம் அந்த டாக்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செய்த தப்பு ஒன்றுமே இல்லை.

2012ல் நான் ரிட்டயர் ஆனேன். எனக்கும் பொன்னாடை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஏற்புரையில் ஆண்டவருக்கு, மேட்ரன் அம்மாவுக்கு, டாக்டர்களுக்கு, என் வீட்டுக்காரருக்கு, பிள்ளைகளுக்கு நன்றி சொன்னேன். கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் மனதில் குத்தியது. ஆயாம்மா பெயரை நான் சொல்லவே இல்லை. அன்றைக்கு மட்டுமா? நைட் ரிப்போர்ட் புத்தகத்தில் “பொசிஷன் மாற்றப்பட்டது” என்று மணியைப் போட்டுப் பக்கத்தில் என் இனிஷியல் போடுவேன். இரண்டு மாதமும் ஒவ்வொரு ராத்திரியும் ஐந்து தடவை. அவள் கை பட்டதற்கு அந்தப் புத்தகத்தில் அடையாளமே கிடையாது. அதை எழுதியவள் நான். என்னை மறந்தவர்களை 26 வருடமாகக் கணக்கு வைத்திருந்தேன் தங்கச்சி, நான் மறந்தவளை ஒரு நாளும் நினைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் ஊரை விசாரித்துக்கொண்டு போனேன். முற்றத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணில் புரை. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தாள். வந்த காரியத்தைச் சொன்னேன், அழுகையும் வந்துவிட்டது. “இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய?” என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பனையேறி அண்ணாச்சி நல்லாருக்காவளா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நான் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்தக் கமிட்டி அண்ணனைத் திரும்பவும் கேட்க வேண்டாம். குருவானவரின் மனைவி ஐயரம்மாவிடம் நேராகப் போய், மூன்று வாரம் ஏன் வரவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். பொன்னாடை கேட்டுப் போகவில்லை என்று அவர்களுக்குப் புரியும். உடம்பு அலுத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் வீட்டிலேயே இருங்கள், ஆலயம் இடிந்துவிடாது. பெஞ்சில் தூசி படிந்தால் நாலு பேர் பார்க்கட்டும், அதுவும் நல்லதுதான். திரும்பப் போகிற அன்று வாலிபப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். 19 வருடம் தனியாளாகச் செய்தது பெரிய காரியம், ஆனால் இனியும் தனியாகச் செய்ய வேண்டிய அவசியம் என்ன? அந்தப் பையனுக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த கடிதத்தில் அவன் பெயரை எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: எங்கள் ஆலயத்தை விரிவாக்கிக் கட்டி முடித்துவிட்டோம், கல்வெட்டு வைக்க வேண்டும். போன தடவை பெயர் விட்டுப்போனவர்கள் இரண்டு வருடம் எங்களோடு பேசவில்லை. அதனால் இந்தத் தடவை யார் பெயரும் வேண்டாம், ஆண்டவர் நாமம் மட்டும் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அக்காவின் கருத்து?
— ஒரு சபைச் செயலாளர்

பதில்: தம்பி, திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூருக்குப் போயிருக்கிறீர்களா? 1901ல் அங்கே வந்து பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மா, 1951ல் இறந்தபோது தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் அதில் உண்டு. 1931ல் விழுந்து அடிபட்டதிலிருந்து கடைசி வரை, பெரும்பாலும் அவர் தன் அறைக்குள்ளேயே இருந்தார். இருபது வருடம். அங்கே நின்றபோது எனக்கு, நர்ஸ் புத்தி, அந்த இருபது வருடமும் படுக்கை விரிப்பு மாற்றியவர்கள் யார் யாரோ என்றுதான் ஓடியது.

ஏமி அம்மா விட்டுக்கொடுத்தது தன் பெயரை. நீங்களும் அப்படிச் செய்தால் அழகு. கமிட்டியார் எல்லாரும் எங்கள் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், நான் கைதட்டுவேன். ஆனால் மண் சுமந்த சித்தாள் பெயரையும், காதுக் கம்மலைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்ட கிழவியின் பெயரையும் விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? எங்கள் பக்கத்து ஆலயங்களில் நான் வாசித்த கல்வெட்டுகளில் பிஷப் பெயர் இருக்கும், சேகர குருவானவர் பெயர் இருக்கும், கமிட்டியார் பெயர் இருக்கும். கொத்தனார் பெயரை நான் ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.

பாளையங்கோட்டையில், பிராமணக் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மாள் கட்டிய ஆலயம் 1785ல் பிரதிஷ்டையானது. பாப்பாத்தியம்மாள் கோவில் என்றுதான் இன்றைக்கும் சனங்கள் சொல்கிறார்கள். கல்லில் இடம் கிடைக்காவிட்டாலும் சனங்களுடைய வாயில் ஒரு பெயர் நிற்க முடியும், ஆனால் யாராவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே கல்லில் ஆண்டவர் நாமத்தையும் வருடத்தையும் போடுங்கள். கூடவே கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு நாளாவது கட்டட வேலைக்கு வந்தவர்கள், சமைத்துக் கொடுத்தவர்கள், ராத்திரி சிமெண்ட் மூட்டைக்குக் காவல் படுத்தவர்கள், எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள். கூலி வாங்கியவர்கள் பெயரும் வர வேண்டும், வேறு மதத்தார் பெயரும் வர வேண்டும். கமிட்டியில் உட்கார்ந்து எழுதினால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள். ஆலயத்தைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்கிற கோவில்குட்டியாரைக் கேளுங்கள். ஆலயம் பூட்டியிருக்கிற நேரத்தில் யார் வந்து போகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். விட்டுப்போன பெயரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கல்லில் அந்த வசதி இல்லை. வருடா வருடம் பிரதிஷ்டை நாளில் ஒருவர் அதை நின்று வாசிக்கட்டும். அரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம் ஒன்றை மட்டும் பார்க்க மறந்துவிடாதீர்கள்: கோவில்குட்டியார் பெயர் அந்த நோட்டில் இருக்கிறதா?

கேள்வி: வயது 78. முழங்கால் வலியால் ஆலயத்துக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. முன்பு பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓடியாடி வேலை செய்தவள். இப்போது கைப்பிடி அரிசி எடுத்து வைப்பது ஒன்றுதான் முடிகிறது. பேத்திதான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், அதனால் அவள் காணிக்கை என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். இதுவும் ஊழியத்தில் சேருமா?
— பேத்தியை எழுதச் சொல்லி அனுப்பிய ஒரு பாட்டி

பதில்: சேரும் பாட்டி. எங்கள் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துப் பால் பவுடர் டப்பா ஒன்றில் போடுவார்கள். மூட்டையிலிருந்து எடுக்க மாட்டார்கள். எங்கள் ஆறு பேருக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்துதான் எடுப்பார்கள். “மூட்டையில எடுத்தா நமக்கு ஒண்ணும் குறையாதே” என்பார்கள். மாதக் கடைசி ஞாயிறு அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும், ஏலம் விட்டு மிஷனரி ஊழியத்துக்கு அனுப்புவார்கள்.

1903ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல் நம் பணத்தில் நம் ஆட்களை அனுப்ப வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன்னின்றவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா, 1912ல் இன்றைய தெலங்கானாவிலுள்ள தோர்ணக்கல்லில் பிஷப் ஆனார், இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பிஷப். அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊழியத்துக்கு அரிசி அளந்த பெண்கள் தோர்ணக்கல்லைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கும் இந்தப் பெண்களைத் தெரியாது. எங்கள் அம்மாவுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூட வராது. ராத்திரி ஜெபத்தில் மட்டும் அந்த ஊர்ப் பெயரைத் தப்புத்தப்பாகச் சொல்வார்கள்.

பேத்தி பெயரில் போனால் போகட்டும் பாட்டி. ஆனால் கொண்டுபோகிற அவளையே ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த அரிசியிலிருந்து எடுக்கிறீர்கள், எப்போது எடுக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுங்கள். அவள் கையாலும் ஒரு பிடி போடட்டும். அடுத்த தடவை எழுதச் சொல்லும்போது, உங்கள் வீட்டில் அது எந்த டப்பா என்று எழுதச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுடையது மூடியில் துருப்பிடித்து இன்னும் என் அடுப்படியில்தான் இருக்கிறது.